விக்கைப் பிடுங்கிய இடது கை

என் பிடிவாதக்கார அக்காவுக்கு,

நீ போன பிறகு என்னைத் திட்ட ஆளில்லை. சௌகரியம்தான், ஆனால் பொழுது போக மாட்டேன் என்கிறது. உன் மகள் ஜெனிக்கு இது ஏழாம் மாதம். உன்னைப் போலவே நடந்துகொண்டே சாப்பிடுகிறாள்.

நேற்று அவளுடைய மாமியார் வந்திருந்தார். எதைப் பேசினாலும் பேச்சு அந்த மத்தியானத்தில்தான் வந்து நின்றது.

மார்பில் கேன்சர் என்று தெரிந்த அன்றே என்னையும் அத்தானையும் மாதா படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாய். ஜெனி கல்யாணம் முடியும்வரை ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. கீமோவுக்கு மதுரை போனதெல்லாம் ஊருக்கு முட்டுவலி வைத்தியம். முடி கொட்டியதும் ஒரு விக் வாங்கினாய். உன் சொந்த முடியைவிட அது நன்றாகவே இருந்தது, கோபப்படாதே.

மணப்பாட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வந்த அந்த மத்தியானம், காபித் தட்டோடு வந்தவள் அப்படியே சாய்ந்தாய். வாய் கோணிவிட்டது. வலது கை துவண்டுவிட்டது. பேச்சு இல்லை. அவர்கள் வந்த காரிலேயே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாப்பிள்ளையின் அம்மா மடியில்தான் உன் தலை இருந்தது.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, மூளைக்குப் போகும் குழாயை ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, கரைக்க ஊசி போட வேண்டும், வேறு வியாதி, மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டார். அத்தான் பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணும் கெடையாது டாக்டர். முட்டுவலி மட்டுந்தான்."

அப்போதுதான் உன் இடது கை எழுந்தது. விக்கைப் பிடுங்கிக் கட்டிலுக்கு வெளியே எறிந்தாய். மொட்டைத் தலையோடு டாக்டரையே பார்த்தாய். இத்தனை தைரியத்தை எங்கே வைத்திருந்தாய், அக்கா?

டாக்டருக்கு விளங்கிவிட்டது. உடனே ரத்தத்தைச் சோதித்தார். கீமோவால், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. அந்த ஊசி போட்டிருந்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம் என்றார். கேன்சர் பொம்பளைக்கு இனி வைத்தியம் பார்ப்பீர்களா என்று அத்தான் அழுதார்.

"கேன்சர் இருந்தா இத அப்படியே விட்டுரணுமா? ஊசி இல்லன்னா வேற வழி இருக்கு."

தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அந்த ரத்தக்கட்டியை வெளியே இழுத்தார்கள். மறுநாள் நீ குழறிச் சொன்ன முதல் பேச்சு, "ஏளா, விக்கு எங்க?"

அது சம்பந்தியம்மாவின் கைப்பையில் இருந்தது. எடுத்து உன் பக்கத்தில் வைத்தார்.

"ஒங்களுக்கு வேணும்னா வச்சுக்கிடுங்க. எங்களுக்காவ வேண்டாம்."

கல்யாணத்துக்குப் பச்சைப் பட்டுக் கட்டி, காலை லேசாக இழுத்துக்கொண்டு, விக் இல்லாமலே வந்தாய். பூ வைக்க வந்த சம்பந்தியம்மா உன் தலையைப் பார்த்துவிட்டு, சரத்தை உன் மணிக்கட்டில் சுற்றினார். கோயில் முழுக்க உன்னையே பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் எங்களைத் திட்டிக்கொண்டு இருந்தாய். கடைசியில் கேன்சர்தான் கொண்டுபோனது. இருந்தாலும் அந்த வருஷம் முழுக்க உன்னுடையது.

ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் குளிக்கும்போது என் மார்பிலும் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பயந்துதான் போனேன். அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நேற்று சம்பந்தியம்மாவிடமும் சொன்னேன். நாளை ஆஸ்பத்திரிக்கு அந்த அம்மாவும் துணைக்கு வருகிறார். என்னவாக இருந்தாலும் யாரிடமும் மறைக்க மாட்டேன், அக்கா. இந்தத் தடவை மாதா படத்துக்கு முன்னால் நானே போய் நின்று சத்தியம் செய்துவிட்டேன்.

உன் சேலைகளையெல்லாம் கட்டித் தீர்க்கும் தங்கச்சி,
லில்லி