தாவீதின் பாஸ்வேர்ட்

பொழிச்சலூர்,
ஏப்ரல் 2007

அன்பு மகள் ஞானஜோதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. குழந்தைக்குச் சளி விட்டதா? அயர்லாந்தில் இன்னும் குளிர் போகவில்லை என்றாயே, குல்லா போடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால் எதையும் உன்னிடம் திறந்து சொல்ல முடிவதில்லை. மெயில் அனுப்பலாம் என்றால் அதையும் அவர்தான் அடிக்க வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தைக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நவம்பர் மழையில் இடி விழுந்து டெலிபோன் கம்பி வழியாக நம் கம்ப்யூட்டர் எரிந்துபோனது உனக்குத் தெரியும். டெலிபோன் இன்றுவரை ஊமையாகத்தான் கிடக்கிறது. புகார் கொடுத்தால் ஆள் வருவதில்லை, சரி செய்தாகிவிட்டது என்று செல்லுக்குச் செய்தி மட்டும் வருகிறது. ஆபீசுக்கே நேரில் போய்க் கேட்டால், சிஸ்டத்துல க்ளோஸ் ஆயிடுச்சு சார், புதுசா ஒண்ணு குடுங்க என்கிறார்கள். அது கிடக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டரில்தான் தம்பி தாவீது அதற்கு முந்தின கிறிஸ்மஸ் ஆராதனையில் தனியாகப் பாடிய பாட்டு இருந்தது. அப்போது அவனை அடக்கம் செய்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை, தினமும் சாயங்காலம் அப்பா அதைப் போட்டுக் கேட்பார், நான் அடுப்படியில் இருந்து கேட்பேன். ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சும்மா, ஒண்ணும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் அப்பாவுக்கு நினைவு வந்தது, ஆபீசில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்ட அந்தப் பாட்டைத் தன் மெயிலுக்கே அனுப்பி வைத்திருப்பதாகத் தம்பி சொல்லியிருந்தான். மெயிலைத் திறந்தால் அவன் குரல் கிடைத்துவிடும், அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்தோம்.

பம்மல் போகும் ரோட்டில் பிரேம் என்கிற பையன் வைத்திருக்கிற பிரவுசிங் சென்டர் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா தினமும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். உன் பெயர், என் பெயர், பைக் நம்பர், அவன் பிறந்த தேதி, நம் சபைப் பெயர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். நாலைந்து முறை தப்பாகப் போட்டால் அன்றைக்கு அது பூட்டிக்கொள்ளுமாம், மறுநாள்தான் போக வேண்டும். பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கு என்று ஒரு கேள்வி கேட்கிறது, உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யார் என்று. நீ போனில் சொன்ன கணக்கு வாத்தியார் பெயரைப் போட்டோம், இல்லை என்றது. நான் ட்ராயிங் டீச்சர் என்றேன், அதுவும் இல்லை. அப்பா அவன் படித்த பள்ளிக்கூடத்துக்கே போய் எல்லா ஆசிரியர் பெயரையும் கேட்டு வந்தார், ஒவ்வொரு பெயரையும் இங்கிலீஷில் வேறு வேறு எழுத்தில் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, எம்புள்ளைக்கு யாரைப் புடிக்கும்னு எனக்கே தெரியலையே ரத்தினம் என்றார். எனக்கும் தெரியவில்லையே.

இதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பிப்ரவரியில் யாரோ ஒருவன் தாம்பரம் பக்கத்தில் ஒரு சென்டரிலிருந்து வெடிகுண்டு மிரட்டல் மெயில் அனுப்பிவிட்டான் என்று போலீஸ் எல்லா சென்டரிலும் புகுந்து பார்த்தார்கள். வருகிறவர்களிடம் அடையாள அட்டை வாங்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், சந்தேகமான ஆள் இருந்தால் சொல்ல வேண்டும் என்று கடைக்காரர்களை மிரட்டியிருக்கிறார்கள். அவர்கள் பிரேம் கடைக்கு வந்தபோது அப்பா உள்ளே உட்கார்ந்து பாஸ்வேர்ட் போட்டுக்கொண்டிருந்தார். இது யாரு மெயிலு என்று ஒரு போலீஸ்காரர் கேட்க, இவர் என் மகனுடையது என்றாராம். இன்னொர்த்தர் மெயில ஒடைக்கிறது கேஸுன்னு தெரியுமா பெரியவரே, நடங்க ஸ்டேஷனுக்கு என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிரேம் ஓடி வந்து சொன்னான். நான் பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனபோது அப்பா பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், காலில் செருப்பு இல்லை. வாழ்நாளில் ஸ்டேஷன் வாசல் மிதிக்காத மனுஷன். இன்ஸ்பெக்டர் நல்லவர்தான், தம்பி விபத்தில் போனதைப் பாஸ்டர் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனாலும், சட்டம் ஒண்ணுதாம்மா, செத்தவங்களுக்குன்னு தனியா ஒண்ணும் எழுதல, கம்பெனிக்காரங்க கிட்ட முறையா கேட்டு வாங்குங்க என்று சொல்லி அனுப்பினார்.

முறையாகவும் கேட்டோம் ஜோதி. இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் அமெரிக்காவில் இருக்கிற மெயில் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பினோம். பதில் இங்கிலீஷில் வந்தது, பாஸ்டர் படித்துச் சொன்னார். மெயில் டேவிட் என்ற பெயரில் இருக்கிறது, சான்றிதழில் தாவீது என்று இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு அத்தாட்சி இல்லை, எங்கள் வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காப்பது எங்கள் கடமை என்று போட்டிருந்தார்களாம். டேவிட், தாவீது இரண்டும் ஒரே பெயர்தான் என்று பாஸ்டர் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். அதையும் அனுப்பினோம். அதற்கும் முன்பு வந்த அதே பதில்தான் வந்தது, ஒரு எழுத்து மாறவில்லை. மனுஷர் யாராவது அதைப் படித்தார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது.

அப்புறம் மார்ச்சில் ஒருநாள் அப்பா போய் அவன் முகவரியைப் போட்டால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று வந்திருக்கிறது. மாதக்கணக்கில் யாரும் திறக்காத மெயிலை அவர்களே அழித்துவிடுவார்களாம். பாட்டு, போட்டோ, அவன் யாருக்கோ எழுதியது, அவனுக்கு யாரோ எழுதியது எல்லாம் போயிற்று. திரும்ப எடுக்க வழியே கிடையாது என்று பிரேம் சொல்லிவிட்டான். அத்தோடு விட்டிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். பாவம், அந்தப் பையன் ஆறுதல் என்று நினைத்தோ என்னவோ, அந்தப் பேரு இப்ப ஃப்ரீயா கீது அங்கிள், வேணும்னா நீங்களே எட்த்துக்கலாம் என்று சொல்லியிருக்கிறான். அப்பா எடுத்துக்கொண்டார். தம்பியின் அதே முகவரி, புதிதாக, காலியாக. பாஸ்வேர்ட் என்ன வைத்தார் என்று எனக்குக்கூடச் சொல்லவில்லை.

இப்போது அதைத் திறந்து பார்க்கத்தான் தினமும் போகிறார். போன வாரம் காய்ச்சலோடு போனார், தடுத்தேன், நாம தொறக்கலைன்னா மறுபடியும் அழிச்சுடுவாங்க ரத்தினம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தம்பி முன்பு வேலை தேடிப் பதிந்து வைத்திருந்த இடங்களிலிருந்து அதற்கு மெயில் வருகிறதாம், டியர் டேவிட், உங்கள் தகுதிக்கு ஏற்ற வேலை காத்திருக்கிறது என்று. வீட்டுக்கு வந்து, இன்னிக்கி பெங்களூர்லேர்ந்து ஒண்ணு வந்திருக்கு, சம்பளம் பரவாயில்ல என்கிறார். நான் சாதம் போடுவேன். தெரிந்துதான் பேசுகிறாரா, தெரியாமல் பேசுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. டாக்டரிடம் வாருங்கள் என்றால் எனக்கென்ன கேடு என்கிறார். பாஸ்டரும் பேசிப் பார்த்துவிட்டார். நீ வந்து மட்டும் என்ன ஆகப்போகிறது, லீவை வீணாக்காதே, குழந்தையைப் பார்.

நைட் டியூட்டி முடிந்ததும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படு, வெறும் வயிற்றில் தூங்காதே. மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் பக்குவமாகச் சொல். குழந்தை தலையில் என் கையை வைத்ததாக நினைத்து ஒரு முத்தம் கொடு, கர்த்தர் உங்கள் மூவரையும் தம் சிறகுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பண்டிகை வாழ்த்து, குழந்தை போட்டோ என்று நீ எல்லோருக்கும் மொத்தமாக அனுப்பும்போது உன் கம்ப்யூட்டரில் இருக்கிற பட்டியலில் தம்பி பெயரும் சேர்ந்தே போகும். அதைப் பார்த்து எடுத்துவிடு. போனால் அப்பா திறந்து படிப்பார், அவன் பெயரிலேயே உனக்குப் பதிலும் போடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஏ. ரத்தினபாய்