அரை டாங்குக்குக் கீழே

செவ்வாய்க்கிழமை, இரவு

கார் ஏன் இடையில் நின்றுவிடுகிறது என்று இன்று தெரிந்துவிட்டது. கண்டுபிடித்தவள் என் மனைவி சாந்தி.

மூன்று மாதமாக இந்தப் பழைய டீசல் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. மகள் நிரூபாவுக்கு இது நிறைமாதம். வலி வந்தால் இதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டீசல் பில்டர் மாற்றினேன். பம்பையும் கழற்றிப் பூட்டியாயிற்று. பிழை அகப்படவில்லை.

நேற்று பம்பலப்பிட்டியில் மறுபடி நின்றபோது சாந்தி சொன்னாள்: "இஞ்சேருங்கோ, டீசல் அரை டாங்குக்குக் கீழ போனால்தான் இது நிக்குது. நிறைய இருக்கேக்க ஒருநாளும் நிண்டதில்லை."

நான் சிரித்தேன். ஆனாலும் இன்று கொட்டாஞ்சேனையில் மெக்கானிக் அன்ரனிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் டாங்குக்குள் இருந்து டீசலை இழுக்கும் குழாயைக் கழற்றினார். அதன் நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை. டீசல் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் குழாய் காற்றை இழுத்திருக்கிறது. வேறு குழாய் போட்டார்.

"நல்ல மூளை அண்ணே உங்களுக்கு" என்றார் அன்ரன். சாந்தி பக்கத்தில்தான் நின்றாள். நான் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் கேட்டேன்: "நீர்தான் கண்டுபிடிச்சதெண்டு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

வெள்ளவத்தை வீட்டுக்கு வந்ததும் அன்ரனுக்குப் போன் எடுத்து, அது சாந்தியின் மூளை என்று சொன்னேன். அவள் கேட்காத மாதிரித் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பிறகு தேநீர் கொண்டுவந்து தந்தாள். டொக்டர் எனக்கு வேண்டாமென்ற சீனி அதில் ஒரு கரண்டி கிடந்தது.