மூடுபனியில் தானாக நிற்கும் டோர்ச்

அருமை மாப்பிள்ளை வேலாயுதம்,

எங்கே இருக்கிறாயோ, குளிராமல் இரு. ஹட்டனில் இந்த மாதம் முழுக்க மூடுபனிதான். மத்தியானத்திலேயே கடைகளில் விளக்கு ஏற்றுகிறார்கள்.

உன் சாவு வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "கார்ல ஒரு டோர்ச் வச்சிருந்தா இப்புடி ஆகியிருக்குமா?" பனியில் பின்னால் வந்து உன்னை மோதிய லொறிக்காரனும் அதையே சொன்னான். நான் அன்றும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் இல்லை. நோட்டன் பிரிட்ஜ் வளைவுக்கு நான் ஓடி வந்தபோது, உன் டோர்ச் சக்கரத்தடியில் எரிந்துகொண்டே கிடந்தது. பாதி கழற்றிய டயர் மேல்தான் அதன் வெளிச்சம். உனக்கு இருந்தது இரண்டே கை. பின்னால் வருகிறவனுக்குக் காட்ட எந்தக் கையை நீட்டியிருப்பாய்?

உன் வாடகைக் கார் இப்போது வீட்டு வாசலில் சும்மா நிற்கிறது. அது ஓடாவிட்டால் உன் வீட்டில் அடுப்பு எரியாது. நான் ஓட்டுகிறேன் என்றேன். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி செல்லம்மா, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அந்த ரோட்டுக்கு ஒருத்தரக் குடுத்தது போதும்ணே. பனிக்குள்ள கார் நிக்கிறது வர்றவனுக்குத் தெரியணும். அதுக்கு ஒரு வழி காட்டு, சாவி தர்றேன்."

"அண்ணன நம்ப மாட்டியா?"

"உன்னய நம்புறேன். லொறிய நம்பல."

பஜாருக்குப் போனேன். கடை முதலாளி, வெள்ளிப் பூண் மாதிரி மின்னுகிற அஞ்சு பெட்டரி டோர்ச்சை எடுத்து வைத்தார்.

"அடிச்சா எதிர் மலையில தேயிலைக் கொழுந்த எண்ணலாம்ணே!"

"கீழ வச்சா நிக்குமா?"

"டோர்ச்ச எதுக்குக் கீழ வைக்கணும்? கையில புடிக்கத்தான் டோர்ச்."

"கை ரெண்டும் டயர்ல இருந்தவன்தான் செத்தான்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. ஏணியில் ஏறி மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒன்றை இறக்கினார். பட்டாளத்தில் இடுப்பு வாரில் சொருகுகிற வகை. கழுத்து வளைந்து, அடிப்பாகம் தட்டையாக இருந்தது. முகத்தில் பொருத்த ஒரு சிவப்புக் கண்ணாடியும் கூடவே இருந்தது.

"ரெண்டயும் குடுங்க. தங்கச்சிகிட்ட காட்டிட்டு ஒண்ணத் திருப்பிக் கொண்டாறேன்."

"இது என்னா சேலக் கடையா?" என்று கேட்டுக்கொண்டே பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் பனி இறங்கியது. வாசலில் நான் காருக்குப் பின்னால் நின்றேன். செல்லம்மா லொறிகள் திரும்புகிற வளைவு வரைக்கும் நடந்து போனாள். அஞ்சு பெட்டரி டோர்ச்சைத் தரையில் வைத்தேன். சரிவில் உருண்டு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்து, கல்லை முட்டுக் கொடுத்து வைத்தேன்.

"எல்லாம் ஒரே வெள்ளையா இருக்குண்ணே!" என்று கத்தினாள். "எது பனி, எது வெளிச்சம்னே தெரியல!"

அதை அணைத்துவிட்டு, வளைந்த டோர்ச்சில் சிவப்புக் கண்ணாடியை மாட்டி நிறுத்தினேன். தானாக நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். பயந்துபோய் ஓடினேன்.

ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து கார் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் அசையாமல் நின்றது.

"தெரியுதுண்ணே" என்றாள். "இவ்வளவு தூரத்துலயே தெரியுது. அன்னைக்கு இது இருந்திருந்தா அந்த லொறி இங்கயே நின்னிருக்கும்ல?"

நான் எதற்கும் விட்டுக்கொடுக்காதவன். சபையில் யார் பேசினாலும் பதில் வைத்திருப்பவன். அவள் கேட்டதை மட்டும் உன்னிடமே கொண்டுவருகிறேன். நீயே சொல், மாப்பிள்ளை. நீ அங்கே குனிந்திருந்த நேரத்தில், பின்னால் இப்படி ஒரு பொட்டு வெளிச்சம் நின்றிருந்தால் பிழைத்திருப்பாயா?

அவளே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவியை என் கையில் வைத்தபிறகும் வெகுநேரம் விரல்களை எடுக்கவில்லை.

நாளைக்குக் கொத்மலைக்கு ஒரு சவாரி. இந்தக் கடிதம் எந்தக் கார்க்காரர் கையில் கிடைத்தாலும் அவரும் கேட்டுக்கொள்ளட்டும்: வண்டி எங்கே நின்றாலும் முதலில் ரோட்டில் இறங்குவது அந்தச் சிவப்பு வெளிச்சம், அப்புறம்தான் நான். மழை கொட்டினாலும், சவாரிக்காரர் அவசரப்பட்டாலும் மாற்ற மாட்டேன். ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும், சாவியைக் கொண்டுவந்து செல்லம்மா கையில் நானே கொடுப்பேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
நீ பாதியில் போனதற்கு இன்னும் உன்னோடு சண்டை தீராத உன் மச்சான்,
செல்லம்மாவின் அண்ணன்