காலை வாசிப்பு நேரத்தைத் திரும்பத் தரக் கோரி

அனுப்புநர்:
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
தட்டச்சு மற்றும் நகலெடுக்கும் கடை,
பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
தொடக்கக் கல்வி அலுவலர் அவர்கள்,
தொடக்கக் கல்வி அலுவலகம்.

பொருள்: அரசு தொடக்கப் பள்ளி – மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு நடந்துவந்த காலை வாசிப்பு நேரம் நிறுத்தப்பட்டமை – அதை நடத்திய ஆசிரியை அலுவலகப் பணிக்கு மாற்றப்பட்டமை – இரண்டையும் மறுபரிசீலனை செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பிறருக்கு மனு தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பு. குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டார் என்று எல்லார் குறைகளையும் என் விரல்கள் எழுதியிருக்கின்றன. எனக்காக எழுதுவது இதுவே முதல் முறை. ஆகவே பழக்க தோஷத்தில் எங்காவது சம்பிரதாய வார்த்தைகள் வந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். விஷயம் சம்பிரதாயமானது அல்ல.

2. என் ஒரே மகள் மேற்படி பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பாடத்தை உரக்கப் படிப்பாள். தங்கு தடையில்லாமல், கணீரென்று படிப்பாள். நகலெடுக்க வந்தவர்கள் வேலை முடிந்த பிறகும் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். சரக்கு வண்டி ஓட்டும் என் கணவர், மூட்டை இறக்கும் இடங்களிலெல்லாம் மகளின் படிப்பைப் பற்றித்தான் பேசுவார் என்று அவருடைய கூட்டாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

3. கடந்த கல்வியாண்டு முடிந்து, மூன்றாம் வகுப்பு தொடங்கிய சில வாரங்களில் ஒரு நாள் மேசையிலிருந்த பசைப் புட்டி அவளுடைய பாடநூலின்மேல் சாய்ந்துவிட்டது. துடைத்துக் காய வைத்தேன். மறுநாள் அவள் மழைநீரைப் பற்றிய பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாடத்தின் நடுப்பக்கங்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே தாள்போல் ஆகியிருந்தன. அவள் அதைப் புரட்டியதும் வந்தது அடுத்த பாடம். பாதிப் பக்கத்துக்கு ரயில் வண்டிப் படம். அவளோ ரயில் பாடத்தின் வரிகளுக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே, ஒட்டிப்போன பக்கத்தில் இருந்த மழைநீர்ப் பாடத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் என்னைக் கேலி செய்கிறாளோ என்று நினைத்தேன். பிறகு அதே பாடத்தின் சொற்களையே இடம் மாற்றி, நான்கு எளிய வரிகளாகத் தட்டச்சு செய்து கொடுத்தேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"படி" என்றேன்.

"இதை மிஸ் இன்னும் சொல்லித் தரலையேம்மா" என்றாள்.

"சொல்லித் தரணும்னு இல்ல கண்ணு. எழுத்து இருக்கு பாரு, கூட்டிப் படி."

"அவங்க சொல்லுவாங்க, நாங்க திருப்பிச் சொல்லுவோம். எல்லாரும் அப்படித்தானே படிக்கிறாங்க?"

ஐயா, அவள் யாரையும் ஏமாற்றவில்லை. படிப்பு என்றால் அதுதான் என்று உண்மையாகவே நம்பியிருந்தாள். நாளெல்லாம் எழுத்துகளோடு புழங்குகிற என் மேசைக்குப் பக்கத்திலேயே அமர்ந்து அப்படி நம்பியிருந்தாள். அன்று மேற்கொண்டு ஒரு பக்கம்கூட என்னால் தட்டச்சு செய்ய முடியவில்லை. அன்றிரவு ஊர் திரும்பிய என் கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "சும்மா சொல்றே" என்றார். பிறகு மகளை மடியில் உட்கார வைத்து, கையில் கிடைத்த தீப்பெட்டியைக் காட்டினார். அவள் அதிலும் மழைநீர்ப் பாடத்தைத்தான் தேடினாள்.

4. மறுநாள் கோபத்தோடுதான் பள்ளிக்குப் போனேன் என்பதை மறைக்கவில்லை. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில், ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன. ஆசிரியை ஒருவரே. ஒரு பக்கம் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு, மறு பக்கம் பாடம் வாசித்துக்கொண்டிருந்தார். தொண்டை கட்டியிருந்தது. நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்தும் எனக்கு உட்கார நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டார். கொண்டுபோன கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது.

அவர் மறுக்கவில்லை. "எனக்குத் தெரியும்மா. உங்க பொண்ணு மட்டும் இல்ல, பாதிப் பிள்ளைங்களுக்கு எழுத்துக் கூட்ட வரலை. இந்த வாரம் இந்தப் பாடம், அடுத்த வாரம் அடுத்ததுன்னு அட்டவணை வருது. நான் இவங்களுக்காக நின்னா பாடம் நின்னுடும். பாடத்தோட ஓடினா இவங்க நின்னுடுவாங்க" என்றார்.

அன்றிரவே மூன்றாம் வகுப்புப் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து நானே படித்துப் பார்த்தேன். முதல் பாடத்தின் முதல் வரியிலேயே 'சுற்றுச்சூழல் சீர்கேட்டைத் தவிர்ப்பதன் இன்றியமையாமை' என்று வருகிறது. அந்தச் சொற்றொடரைத் தட்டச்சு செய்யும்போது என் விரலே இரண்டு முறை தடுமாறும். எட்டு வயதுக் குழந்தை அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு என்ன செய்யும்? புத்தகம் நல்ல தாளில், அழகான படங்களோடு இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் படிக்கத் தெரிந்த குழந்தைக்காக எழுதப்பட்ட புத்தகம் அது. தெரியாத குழந்தை எங்கே ஏறிக்கொள்வது என்று அதில் எங்கும் ஒரு படி வைக்கவில்லை.

5. மேற்படி ஆசிரியை தலைமை ஆசிரியரிடம் ஒரு யோசனையை முன்வைத்தார். தலைமை ஆசிரியரைப் பிள்ளைகள் 'மணி சார்' என்பார்கள். அது அவர் பெயரல்ல. பணியாள் இல்லாததால் மணியையும் அவரே அடிப்பதால் வந்த பட்டம். யோசனை இதுதான்: தினமும் காலை முதல் ஒரு மணி நேரத்துக்கு யார் எந்த வகுப்பு என்பதை மறந்துவிட்டு, மூன்று முதல் ஐந்து வரையிலான பிள்ளைகளை, அவர்களுக்கு எவ்வளவு வாசிக்க வருகிறதோ அதைக் கொண்டு பிரித்து உட்கார வைப்பது. "செஞ்சு பாருங்க. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாராம் தலைமை ஆசிரியர். சொன்னதோடு நிற்காமல் ஒரு குழுவைத் தாமே எடுத்துக்கொண்டார்.

மக்குப் பிள்ளைகள், கெட்டிக்காரப் பிள்ளைகள் என்ற பேச்சே வரவில்லை. ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம், கரும்பலகைப் பக்கம் என்றுதான் குழுக்களுக்குப் பெயர். எழுத்துக் கூட்டப் பழகுகிறவர்கள் ஜன்னல் பக்கம்; தேறத் தேறக் கதவுப் பக்கம், பிறகு கரும்பலகைப் பக்கம். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பால்காரரின் மூத்த மகள், சின்னப் பிள்ளைகளோடு ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னதும் இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை. ஆசிரியை அவள் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் அவள் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அந்த நேரத்துக்குப் பாடநூல் கிடையாது. பிள்ளைகள் வாயால் சொல்லும் வாக்கியத்தை ஆசிரியை பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். அதுதான் அன்றைய பாடம். ஒரு பக்கம் அச்சாகி வீணான தாள்கள் என் கடையில் மலைபோலக் கிடக்கும். அவற்றை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்படிப் போன ஒரு காலையில், என் மகள் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அன்றுதான் ஒட்டிய வாக்கியம். வேறு குழுப் பையன் ஒருவன் சொன்னது. அவள் காதில் விழுந்திருக்க வழியில்லை. 'எ... ங்... எங்க, அப்... அப்பா, குற... குறட்டை விட்டா பூ... னை... பூனை...' கடைசிச் சொல் 'ஓடும்' என்பது. அதை வாயால் சொல்வதற்கு முன்பே சிரித்துவிட்டாள்.

மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அந்த இடத்தில் சிரிப்பு வராது, ஐயா. நான் தாள்கட்டை வாசலிலேயே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். திக்கித் திணறிப் படித்த அந்த ஒரு வரிக்கு ஈடாக, கணீரென்று அவள் ஒப்பித்த அத்தனை பாடங்களையும் விட்டுக்கொடுக்க நான் தயார்.

6. சென்ற மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் பார்வையிட வந்தார். அட்டவணைப்படி பதினொன்றாம் பாடம் நடந்திருக்க வேண்டும். வகுப்பு ஏழாம் பாடத்தில் இருந்தது. பதினொன்றாம் பாடத்திலிருந்து அவர் கேட்ட கேள்விகளுக்கு ஒரு கையும் உயரவில்லை. சுவரிலிருந்த வாக்கியங்களைப் பார்த்துவிட்டு, "குறட்டை, பூனை... இது எந்தப் பாடத்துல வருது?" என்று கேட்டாராம். முன்வரிசைப் பையன் எழுந்து, "எங்க வீட்டுல வருது சார்" என்றானாம். வகுப்பு சிரித்தது. அவரைப் பார்த்துச் சிரித்ததாக அவர் எடுத்துக்கொண்டார் என்று அஞ்சுகிறேன். கேட்ட கேள்விக்கு அந்தப் பையன் நேர்மையாகப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

மேற்பார்வையாளரை நான் குறை கூற வரவில்லை. எத்தனையாம் பாடம் நடக்கிறது என்று பார்த்து வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்; பார்த்துவிட்டுப் போனார். பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று பார்த்து வரச் சொல்லி அவரை யாரும் அனுப்பவில்லை.

7. இதைத் தொடர்ந்து காலை வாசிப்பு நேரம் நிறுத்தப்பட்டது. சுவர் வாக்கியங்கள் அகற்றப்பட்டன. பாடத்திட்டத்தை மீறியதற்கு ஆசிரியையிடம் விளக்கம் கேட்கப்பட்டது. "என் அனுமதியோடுதான் நடந்தது" என்று தலைமை ஆசிரியர் எழுத்து மூலம் தெரிவித்தும், இம்மாத இறுதி முதல் ஆசிரியை தங்கள் அலுவலகத்தில் புள்ளிவிவரப் பணியில் சேர வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. அவருக்குப் பதில் வேறு ஆசிரியர் எப்போது வருவார் என்று சொல்லப்படவில்லை. வாசிப்பு நேரம் நின்றது, பால்காரரின் மகள் கதவுப் பக்கத்துக்கு மாறவிருந்த வாரத்தில். இப்போது அவள் மறுபடியும் ஐந்தாம் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் சொல்வதற்கு ஏற்ப வாயை அசைக்கிறாள் என்று என் மகள் சொல்கிறாள்.

8. இந்த மனுவை அனுப்ப மேற்படி ஆசிரியைக்குச் சம்மதமில்லை. "வேண்டாம்மா. எனக்காக நீங்க வக்காலத்து வாங்கினா அதுவும் என் தலையிலதான் விடியும். புள்ளைங்க படிச்சா போதும்" என்றார். பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள் என்று கேட்டேன். அவர் மேசையிலிருந்த சுண்ணக்கட்டிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார். ஆகவே இம்மனுவுக்கு நான் மட்டுமே பொறுப்பு என்பதையும், இதன் பொருட்டு அவர்மீது எந்த வருத்தமும் கொள்ள வேண்டாம் என்பதையும் அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

9. நான் கேட்பது பெரிய காரியமல்ல. அந்த ஒரு மணி நேரத்தைப் பள்ளிக்குத் திருப்பித் தாருங்கள். ஆசிரியையை அவருடைய வகுப்பிலேயே இருக்க விடுங்கள். இவை இரண்டும் தங்கள் கையெழுத்தில் முடிகிற விஷயங்கள். பாடங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், தொடக்கத்தில் வாசிக்கப் பழக இடம் விடுவதும் மேலிடத்தில் முடிவாக வேண்டியவை என்று அறிவேன். அதற்குத் தங்கள் பரிந்துரை ஒன்று போனால் நன்றாயிருக்கும். மனு எழுதி எழுதித் தேய்ந்த விரல்களுக்கு ஒன்று தெரியும்: கீழிருந்து போகும் காகிதத்தைவிட நடுவிலிருந்து போகும் காகிதம் சீக்கிரம் போய்ச் சேரும்.

இன்னொன்று. அடுத்த முறை பள்ளியைப் பார்வையிட யார் வந்தாலும், எந்தப் பாடம் என்று கேட்பதற்கு முன், பிள்ளைகள் இதுவரை பார்க்காத இரண்டு வரிகளை எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்ல வேண்டும். தாங்களே ஒரு நாள் காலையில் வந்தால் இன்னும் நல்லது. முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. அதைத் தங்களுக்குத் தருவார்கள்.

10. மேலே உள்ளதைத் தட்டச்சு செய்து முடித்து, பிழை பார்ப்பதற்காக மேசையில் வைத்திருந்தேன். தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, என் மகள் அதைக் கையில் எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். 'மறுபரிசீலனை' என்ற சொல்லில் வெகுநேரம் நின்றாள். நான் சொல்லிக் கொடுக்கப் போனேன். கையை உயர்த்தித் தடுத்துவிட்டாள். உடைத்து உடைத்து, தானே கடந்தாள். மூன்றாம் பத்தி வந்ததும் அவள் முகம் மாறியது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதியிருக்கியேம்மா" என்றாள்.

"உனக்குப் பிடிக்கலைன்னா அதை எடுத்துடறேன்" என்றேன்.

சற்று யோசித்தாள். "வேண்டாம், இருக்கட்டும். அப்ப தெரியாதுதானே. ஆனா இப்பத் தெரியும்னும் எழுது. இல்லாட்டி அந்த சாருக்கு எப்படித் தெரியும்?"

அவள் கேட்டுக்கொண்டபடி இந்தப் பத்தியைச் சேர்த்திருக்கிறேன். அவளுக்கு இப்போது படிக்கத் தெரியும். அவளோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. அவர்களுக்காகவே இம்மனு. நல்ல உத்தரவை எதிர்நோக்குகிறேன்.

நாள்: நவம்பர் 4
இடம்: பேருந்து நிலையத்தின் பின்தெரு

இப்படிக்கு,
மேற்படி மாணவியின் தாய்
(கையொப்பம்)

எழுத்துப் பிழை சரிபார்த்தவர்:
மூன்றாம் வகுப்பு மாணவி
(கையொப்பம்)