பெட்டி ஓரத்தில் உடைந்தவை

ஜூன் 3, கிட்வே
கணினியில் நான் அமைத்த சின்னப் பெட்டிக்குள் நீர், அதில் ஆயிரம் கட்டிகள். செம்புச் சுரங்கத்தின் கழிவுநீரில் மண்துகள்கள் ஒட்டி உருவாகுமே, அதே கட்டிகள். நீரோட்டத்தைக் கொஞ்சம்தான் கூட்டினேன், கிழிந்து சிதறின. இவ்வளவு குறைந்த வேகத்திலா! வெள்ளிக்கிழமை சுரங்கத்தாரிடம் காட்டினால் அங்கே வேலை எனக்குத்தான்.

ஜூன் 5
பக்கத்து மேசை ஜெரே என் திரையைப் பார்த்துச் சிரித்தான். அவன் ங்கோனி, நான் பெம்பா. இரண்டு இனத்துக்கும் மச்சான் முறை. எப்படிக் கேலி செய்தாலும் கோபிக்கக் கூடாது. இழவு வீட்டில்கூட விடமாட்டோம்.

"டேய் குரங்குதின்னி, உன் கட்டியெல்லாம் பெட்டி ஓரத்துக்குப் போனாத்தான் சாகுது. நடுவுல ஒண்ணாவது செத்துச்சா?"

எலிதின்னி என்று திருப்பிக் கொடுத்தேன். பொறாமை அவனுக்கு.

ஜூன் 7
சுரங்கத்தார் முன்னாலும் ஜெரே அதையே சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். மேசையில் இருந்த இரும்புக் குடுவையால் அவன் வாயில் அடித்தேன். பல் தெறித்து விழுந்தது — அப்புறமும் அடித்தேன். ஏன் நிறுத்தவில்லை? மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

எங்கள் பேராசிரியை நமுகொலோ ஒன்றுதான் கேட்டார்: "மும்பா, முறைக்காரன் கேலிக்கு எவனாவது கை நீட்டுவானா?"

ஜூன் 8
கை வீங்கிவிட்டது. அவனுக்கு நன்றாக வேண்டும்.

ஜூன் 11
சின்னப் பெட்டி பெரிய ஓட்டமாக நடிக்க வேண்டும் என்பதற்காக, வலப்பக்கம் வெளியேறும் துகளை இடப்பக்கம் நுழைய விடுவோம். ஓரத்தைக் கடக்கும் கட்டி பாதி அங்கே, பாதி இங்கே தெரியும். முழுசாகத்தான் இருக்கும். என் நிரல் அதை இரண்டு துண்டு என்று எண்ணியிருக்கிறது.

திருத்தி ஓட்டினேன். ஆயிரத்தில் உடைந்தது ஒன்பது.

அவன் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தான். அடப்பாவி, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஜூன் 12
ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்களாம். அவன் அக்கா உள்ளே விடவில்லை.

ஜூலை 22
ஜெரே வந்துவிட்டான். முன்பற்கள் நான்கு இல்லை. திருத்திய கணக்கை அவன் முன் வைத்து மன்னிப்புக் கேட்டேன். திட்டட்டும், என் வம்சத்தையே இழுக்கட்டும் என்று நின்றேன். ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் படித்தான்.

"சரியா இருக்குங்க, மும்பா சார். வேற ஏதாவது பார்க்கணுங்களா?"

எழுந்து, எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.