கனடா டிரம்பெட்டில் உன் பெயர்

தாராவி, 12-3-1969

என் செண்பகவல்லிக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? இது நானே எழுதும் முதல் கடிதம்.

டிரம்பெட் ஊதி ராக் பாட்டுப் பாடும் கனடாக்காரர்கள் ஏழு பேர் இங்கே ஒரு ஓட்டலில் பெரிய பேர் வாங்கினார்கள். கூட்டம் தெருவரை நின்றது. போன வாரம் யார் முன்னால் நிற்பது என்று சண்டை வந்து குழு கலைந்துவிட்டது. அதில் நசுங்கிய டிரம்பெட்டுக்கு எங்கள் பட்டறையில் நான்தான் ஒடுக்கு எடுத்தேன். அதை ஊதுகிற கனடாக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அதன் வாய்க்குள் உன் பெயரை ஊசியால் எழுதினேன்.

“என்னத்தவே கிறுக்குதீரு?” என்றான் பக்கத்தில் வேலை செய்யும் நெல்லையப்பன்.

“எம் பொண்டாட்டி பேருவே. தப்பில்லாம எழுத வாறது அது ஒண்ணுதான்.”

நாளை அந்த டிரம்பெட் அவரோடு ஊருக்குக் கப்பலேறுகிறது. உன் பெயர் கனடா போகிறது; நீ பம்பாய் வரையாவது வரக் கூடாதா? வரும்போது கருப்பட்டி கொண்டு வா. கை வலிக்கிறது, நிறுத்துகிறேன்.

கணேசபாண்டியன்