நீ போனில் பேசிக்கொண்டிருந்தாயாம், அக்கா

சண்டைக்காரி என் செல்வி அக்காவுக்கு,

இனிமேல் நீ எழுந்து வந்து மறுத்துப் பேச மாட்டாய் என்ற தைரியத்தில்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். "இறந்துபோன செல்வி, வேலை நேரத்தில் கைப்பேசியில் பேசியபடி, ஈரக்கையால் இயந்திரத்தைத் தொட்டதால் மின்சாரம் தாக்கி இறந்தார். இதில் வேறு யார் மீதும் குற்றமில்லை." போலீஸ் உன் வழக்கை முடித்துவைத்த அறிக்கையில் இருக்கிற வரி. எனக்கு அது மனப்பாடம்.

உன் ஓசூர் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். எத்தனை தடவை என்னைத் திட்டியிருப்பாய்? "ஷிப்ட்டு நேரத்துல கூப்புடாதடி, போனு கேட்டுல கெடக்கும்." அந்தப் பூட்டிய பெட்டிக்குள் இருந்த போனில் நீ பேசிக்கொண்டே செத்தாயாம். செத்தவள் மேலேயே பழி போட்டுவிட்டு, அதன் அடியில் ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை.

நான் கிருஷ்ணகிரியில் பி.காம் சேருவதாகத்தானே இருந்தது? சேரவில்லை. நீ போன மூன்றாவது மாதம் குற்றவியல் படிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். சாமல்பட்டி ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட வந்த அம்மா கேட்டாள், "போலீசு ஆகப் போறியா?"

"இல்லம்மா. போலீசு எழுதுறத எப்படிப் படிக்கணும்னு கத்துக்கப் போறேன்."

நேர்காணலில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். சமூகத்துக்குச் சேவை செய்ய என்று சொன்னேன். பொய். ஒரே ஒரு ஆளைப் பிடிக்கத்தான் வந்தேன். நீ போனில் பேசினாய் என்று போலீசிடம் சொன்ன உன் கம்பெனி மேனேஜர். அவன் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். நீ படிக்கிற காகிதத்தில் அவனுக்கு இடம் கிடையாது.

முதல் வருஷம் ஒரு மத்திய சிறையைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். என் கூடப் படிக்கிற பெண்களில் இரண்டு பேர் உள்ளே அழுதுவிட்டார்கள். நான் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தேன். கொசு எங்கே அதிகம், வெயில் எந்தச் சுவரில் விழும், எந்த அறைக்குக் கழிவறை நாற்றம் வரும் என்று பார்த்துவைத்தேன். அவனுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு பாடம் இருந்தது. குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது எப்படி என்று வகுப்பில் நடித்துக் காட்டச் சொன்னார்கள். மன்னிக்கிற வேஷம் என் தலையில் விழுந்தது. பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன். நீ இருந்திருந்தால் நாற்காலியைத் தூக்கியிருப்பாய்.

இரண்டாம் வருஷத்தில்தான் வழி தெரிந்தது. அலட்சியத்தால் ஒரு உயிர் போனால் அப்போதிருந்த சட்டப்படி அதிகபட்சம் இரண்டு வருஷம். ஆனால் இப்படிச் செய்தால் ஆள் சாகலாம் என்று தெரிந்தே செய்திருந்தால் அது வேறு பிரிவு, பத்து வருஷம் வரைக்கும் போகும். வகுப்பு முடிந்ததும் மேடத்தின் பின்னாலேயே ஓடினேன். "தெரிஞ்சிருந்துச்சுன்னு எப்படி மேடம் காட்டறது?" என்றேன். "யாராவது அவன்கிட்ட முன்கூட்டியே சொல்லியிருக்கணும். அதைக் கேட்டவங்க ஒருத்தராவது இருக்கணும்" என்றார்.

உன்னோடு அதே லைனில் நின்ற மாதம்மா ஞாபகத்துக்கு வந்தாள். ரூமில் உன் பக்கத்துப் பாய்க்காரி. உன் சாவுக்குக்கூட வராதவள். அஞ்செட்டிக்காரி என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி, காடு தாண்டி அஞ்செட்டியில் இறங்கி, விசாரித்து விசாரித்து நடந்தேன். ராகிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டாள். உன் முகஜாடை எனக்கு இருக்கிறதாமே?

"நீ வருவேன்னு தெரியும்" என்றாள். "மூணு தரம் சொன்னா உங்கக்கா. சார், மெஷின்ல கைய வச்சா ஷாக் அடிக்குதுன்னு. கரண்டு கசிஞ்சா தானா விழுற சுவிட்சு ஒண்ணு இருக்கும். அது அடிக்கடி விழுந்துச்சுன்னு மேனேஜரு அதைக் கழட்டிட்டு டைரக்ட்டா லைன் குடுக்கச் சொன்னான். எலக்ட்ரீசியன் அண்ணன் எங்க எதிர்லயே சொன்னாரு, சார், கீழ எப்பவும் தண்ணி நிக்குது, டைரக்ட் பண்ணா ஆளு செத்துடுவாங்கன்னு."

"அதுக்கு அவன்?"

"லைன் நின்னா நீ பதில் சொல்லுவியான்னான். எங்களைக் கீழ பலகை போட்டு நிக்கச் சொன்னான். உங்கக்கா விட்டாளா? ஒரு நாளு நீ வந்து அந்தப் பலகை மேல நில்லு சார், நாங்க பாக்குறோம்னா. நாலு நாளு கழிச்சு..."

கீழே கிடந்த களைக்கொத்தை எடுத்து வெறும் மண்ணைக் கொத்த ஆரம்பித்தாள். பாகங்களைக் கழுவுகிற அந்த மெஷினை, காலடியில் நின்ற அந்தத் தண்ணீரை எனக்கு விவரிக்க வேண்டியதில்லை, அக்கா. கண்ணை மூடினால் அங்கேதான் நிற்கிறேன்.

"ஏன் அப்பவே சொல்லல?" என்றேன். நீ போன அன்று சாயங்காலமே எல்லாரையும் கம்பெனி வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். போலீஸ் யாரும் அவளைத் தேடி வரவே இல்லையாம்.

"உன் மேலயும் எனக்குக் கோவம் இருக்குது" என்று சொல்லிவிட்டேன்.

"இருக்கட்டும். எனக்கே என் மேல இருக்குது. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றாள்.

அடுத்து முடித்த வழக்கைத் திறக்க வேண்டும். வழக்கை முடிக்கிறோம் என்றால் புகார் கொடுத்தவருக்குப் போலீஸ் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும் என்று படித்திருந்தேன். புகார் கொடுத்தது அம்மா. போன் போட்டுக் கேட்டேன். "எனக்கு எந்த நோட்டீசும் வரலயே. கேஸு முடிஞ்சிடுச்சுன்னு ஸ்டேஷன்ல வாயால சொன்னதோட சரி" என்றாள். இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து, கோர்ட்டில் நகல் கேட்டு வாங்கினோம். நோட்டீஸ் இருந்தது. 'பெற்றுக்கொண்டேன்' என்று அதன் கீழே அம்மாவின் கையெழுத்தும் இருந்தது. அழகான தமிழில்.

சிரிப்பு வருகிறதா? அம்மா ஆந்திராவில் குப்பம் பக்கத்துக்காரி. மூன்றாவது வரைக்கும் தெலுங்குப் பள்ளிக்கூடம். ரேஷன் கடையிலிருந்து பேங்க் வரைக்கும் தெலுங்கில்தான் அவள் கையெழுத்து. தமிழில் ஒரு எழுத்து எழுதத் தெரியாது.

ஓசூர் கோர்ட்டில் நீதிபதி ஒரு பெண். எங்கள் மனுவைப் படித்துவிட்டு, அம்மாவிடம் வெள்ளைத்தாளை நீட்டி, "உங்க கையெழுத்தைப் போடுங்க" என்றார். அம்மா நிதானமாக, ஒவ்வொரு சுழியாகப் போட்டாள். நீதிபதி அந்தத் தாளைப் பார்த்தார், நோட்டீஸைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்து இல்லையா?"

"எனக்குத் தமிழு பேசத்தாம்மா வரும், எழுத வராது. இதை எவன் எழுதுனான்னு நீங்கதான் கேக்கணும்."

அரசு வக்கீல் குனிந்து ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். டி.எஸ்.பி.யே மறுபடி விசாரிக்க வேண்டும் என்று உத்தரவானது. பொய்க் கையெழுத்து போட்டது யார் என்று அந்த ஸ்டேஷன் மேல் தனியாக ஒரு விசாரணையும் ஓடுகிறது. அதையும் விட மாட்டேன். மாதம்மா சொன்ன சொல் மாறாமல் வந்து சாட்சி சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டதும் எலக்ட்ரீசியனும் ஒத்துக்கொண்டார்.

அப்புறம்தான் அவனுக்குப் பயம் வந்தது. தெரிந்த ஒருவரை ஆப்பிள் கூடையோடு நம் வீட்டுக்குத் தூது அனுப்பினான். "நடந்தது நடந்து போச்சுங்க. அவருக்கும் குடும்பம் இருக்குது. சமாதானமாப் போயிடலாம்" என்றார் வந்தவர். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கூடையைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தாள். "நா பிட்ட, எம்பொண்ணு, எழுந்து வந்து சரின்னு சொல்லட்டும். அப்ப நானும் சரிங்கறேன்" என்றாள். அம்மாவுக்கு அப்படிப் பேச வரும் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

அவனைக் கைது செய்தார்கள். பத்து வருஷப் பிரிவுதான். அன்று கோர்ட் வராந்தாவில் என் வயசில் ஒரு பெண் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் மகள். எனக்கு இரக்கம் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே நின்றேன். வரவில்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பி நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். அப்படித் தூங்கியதை நினைத்துத்தான் மறுநாள் கொஞ்சம் பயமாக இருந்தது. நான் என்னவாக ஆகிக்கொண்டிருக்கிறேன், அக்கா? நீ இருந்தால் கேட்டிருப்பேன். நீ இருந்திருந்தால் கேட்க வேண்டியே இருந்திருக்காது.

அப்புறம் ஜாமீனில் வந்துவிட்டான். போன வாரம் செஷன்ஸ் கோர்ட்டில், வேறொரு நீதிபதி முன்னால், அவன் மேல் குற்றச்சாட்டுப் பதிவு செய்தார்கள். கூண்டில் நின்றான். முடி கொட்டி, சட்டை தொளதொளவென்று இருந்தது. நீதிபதி வாசித்தார்: எச்சரிக்கப்பட்ட பிறகும், மரணம் நேரும் என்று தெரிந்தே, பாதுகாப்பு சுவிட்சை நீக்கச் செய்து, செல்வி என்ற இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் மரணத்தை விளைவித்தீர். போனும் இல்லை, ஈரக்கையும் இல்லை.

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?"

"இல்லைங்க ஐயா" என்றான். குரலே வெளியே வரவில்லை. "சத்தமாகச் சொல்லும்" என்றார் நீதிபதி. மறுபடி சொன்னான். அவன் ஒப்புக்கொண்டிருந்தால் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். அத்தனை சீக்கிரம் முடியக் கூடாது.

அடுத்த மாதம் சாட்சி விசாரணை தொடங்குகிறது. அவன் வாய்தா வாங்குவான். வாங்கட்டும். மாதம்மாவை அஞ்செட்டிக்குப் போய் நானே பஸ்ஸில் கூட்டிவருவேன், நானே திரும்பக் கொண்டுபோய் விடுவேன். பட்டம் வாங்கியதும் சட்டம் படிக்கப் போகிறேன். எத்தனை வருஷம் ஆனாலும், எந்தக் கோர்ட்டுக்கு அவன் அப்பீல் போனாலும், அவன் திரும்பிப் பார்க்கிற முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். எப்போது நிறுத்துவது என்று நீ சொல்ல முடியாது. அதனால் நிறுத்த மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
மங்கை